பட்டை மெல்லிசு... விரல் பத்திரம்!

பெயர்ப் பலகைக்கும் போட்டோ ஃப்ரேமுக்கும் அக்ரிலிக் ஷீட்டில் அரை அங்குலப் பட்டை அறுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. டேபிள் சா மெஷினில் சுழலும் பிளேடுக்கும் ‘ஃபென்ஸ்’ எனும் தடுப்புக் கட்டைக்கும் நடுவே மெல்லிய பட்டை சிக்கினால், அம்பு போல ஆளை நோக்கிப் பாயும்.

அதனால் பெரிய துண்டு ஃபென்ஸ் பக்கமும், பட்டை பிளேடுக்கு வெளிப்பக்கமும் இருக்கும்படி அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபென்ஸை நகர்த்தி அளவு வைப்பது கொஞ்சம் கூடுதல் வேலைதான்; ஆனால் பாதுகாப்பு.

10 அங்குல பிளேடில் 80 பல் இருந்தால் விளிம்பு சிதறாது. நடுவில் நிறுத்தினால் சூட்டில் அக்ரிலிக் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரே சீராகத் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு விரல் அல்ல, தள்ளுகட்டை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், கையுறை கூடாது. பிளேடு முழுதாக நின்ற பிறகே பட்டையை எடுக்கலாம்.

வீணான ஷீட்டை மறுபடி வாங்கிவிடலாம். விரலை?