பட்டாவில் எழுதாதது

மனை வாங்க முற்படுகிறவர் எவராயினும், மூலப் பத்திரத்தை வாங்கிப் படித்து, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று போட்டு, பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்து, வக்கீலின் அபிப்பிராயத்தையும் பெற்றுவிட்டால், பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டதென்று திருப்தி அடைகிறார். அந்த ஜாக்கிரதையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் காகிதங்கள் அத்தனையும் சேர்ந்து, நிலம் யாருடையது என்ற ஒரு வினாவுக்கே விடையளிக்கின்றன. அதில் வீடு கட்டலாமா, கடை கட்டலாமா, கட்டினால் எவ்வளவு உயரம், அல்லது ஒரு செங்கல்லும் வைக்கலாகாதா என்பவற்றுக்கெல்லாம் விடை வேறோரிடத்தில் இருக்கிறது.

அந்த இடம் 1971ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் தயாரிக்கப்படும் முழுமைத் திட்டம். சென்னைப் பெருநகருக்கு இப்போது அமலில் இருப்பது 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம். குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி மருத்துவம் முதலிய பொது ஸ்தாபனங்கள், விவசாயம், திறந்தவெளி என்று நிலம் அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கையிலிருந்தால், அந்தத் துண்டு நிலம் எந்த வகுப்பில் விழுகிறதென்று சென்னையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமாகிய சி.எம்.டி.ஏ.விலும் மற்ற மாவட்டங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமாகிய டி.டி.சி.பி.யின் அலுவலகத்திலும் கேட்டறியலாம், எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுவது உத்தமம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சென்னைக்குத் தெற்கே புறநகரில் தாம் வாங்க நினைத்த மனையின் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தார். பத்திரத்தில் பிழையில்லை, வில்லங்கம் ஏதுமில்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறதாம் ஐயா, தரகர் சொன்னார்" என்றார். புலப்படத்தின் நகலை விரித்துப் பார்த்தோம். மனையின் மேற்கு எல்லையை ஒட்டி இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால், சற்றுத் தள்ளியுள்ள ஏரியை நோக்கிப் போயிற்று. நேரில் பார்த்தால் அங்கே செம்மண் கொட்டி நிரவிய சமதரையன்றி வேறொன்றும் தெரியாது. திட்டத்தில் அந்தச் சர்வே எண் விவசாய உபயோகப் பகுதியில் இருந்தது. என் பணம், என் நிலம், இதில் எவரை எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர் மனம் நொந்து கேட்டது நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு விடை அந்த இரட்டைக் கோட்டிலேயே இருந்தது.

சென்னை ஏரிகளின்மேல் எழுந்த ஊர். 1920ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டம் வந்த சில வருஷங்களுக்குள், மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வற்றச்செய்துதான் தியாகராய நகர் உருவாயிற்று. திட்டமிட்டவர்களே ஏரியைக் குடியிருப்பாக்கிய காலம் அது. அதற்குப் பிந்திய தலைமுறைகள் பட்ட அனுபவத்தின் விளைவாகவே, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பிரதேசத்திலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும், திருவான்மியூருக்குத் தெற்கே மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கடற்கரை மணற்பரப்பிலும் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் எழுதப்பட்டன. சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணையைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு வீடு கட்டி, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிப்படியில் ஏறி நின்றன என்பதை நினைத்தால், இந்த விதிகளை ஏதோ அதிகாரிகளின் தொந்தரவு என்று பேச எனக்கு மனம் வருவதில்லை. வாய்க்காலின்மேல் சுவர் எழுப்புகிறவருடைய வீடு தப்பினாலும், நீர் அடுத்த தெருவுக்குப் போகும்.

உயரத்துக்கும் இப்படியே காரணம் உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டலாகாது என்று அரசாணையே இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள புராதனச் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்னனுமதி வேண்டும். தஞ்சையிலோ மாமல்லபுரத்திலோ பூர்வீக வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளின் சங்கதி இதைவிடத் துயரமானது. நஞ்சையையும் புஞ்சையையும் கல் நட்டுக் கூறு போட்டு விற்றதைக் கண்டு, அத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. மறு வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்டவற்றுக்கு வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட மனையை விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் தவித்தவர்கள் அநேகம் பேர். மனைப்பிரிவு வரைபடத்தில் அனுமதி எண்ணும் சாலை அகலமும் பூங்காவுக்கு விட்ட இடமும் இருக்கின்றனவா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருந்தால், அவர்களில் பலர் தப்பியிருப்பார்கள்.

இன்று நடைமுறை வெகுவாக எளிதாகியிருக்கிறது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, சாதாரண உயரமுள்ள கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது ஒரு கிரவுண்டாகிய 2,400 சதுர அடியில், சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தை விட்டது போக, எல்லாத் தளங்களும் சேர்ந்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். 2024 முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட இரண்டு தள வீட்டுக்கு, உரிமையாளர் சுயசான்று அளித்து இணையவழியிலேயே உடனடி அனுமதி பெறலாம். இதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு உண்டாகும் நன்மையைச் சந்தோஷத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பெல்லாம் அதிகாரி வந்து பார்த்துச் சொன்ன குறையை, இப்போது கட்டுகிறவரே கண்டுபிடித்தாக வேண்டும். விதிகளின்படி இருக்கிறது என்று கையெழுத்திடுபவரும் அவரே. வரைபடம் போடும் இஞ்சினீயர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்திடும் முன், சர்வே எண்ணின் உபயோகம் எது, வாய்க்காலோ ஓடையோ பக்கத்தில் உண்டா, தெருவின் அகலம் காகிதத்தில் உள்ளபடியே நேரிலும் இருக்கிறதா என்று ஒரு தடவை டேப்பைப் பிடித்து அளந்து பார்த்துவிடுங்கள்.