பழசுக்குப் புது உயிர்: காற்றில் சுடும் வெப்ளி!

1920-ல் வந்த துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு, இங்கிலாந்தில் கைத்துப்பாக்கி வாங்குவது லேசான காரியமாக இல்லை. ரிவால்வருக்குப் பெயர்போன பர்மிங்காம் நிறுவனம் வெப்ளி அண்ட் ஸ்காட், 1924-ல் வெடிமருந்தே வேண்டாத ஏர் பிஸ்டலை இறக்கியது. அதன் வழிவந்த ஜூனியர், சீனியர் மாடல்களைப் பிரித்துத் துடைத்து மாட்டுவது சேகரிப்பாளர்களுக்குப் பெரிய சுகம். கொஞ்சம் அசந்தால் ஆபத்தும்கூட.

சைக்கிள் பம்ப் தெரியும்தானே? கிட்டத்தட்ட அதேதான். குழலுக்குக் கீழே சிலிண்டர், அதற்குள் பிஸ்டனும் ஸ்பிரிங்கும். குழலின் பின்முனையைத் தூக்கி முன்பக்கம் மடக்கினால், பிஸ்டன் முன்னே இழுபட்டு ஸ்பிரிங் இறுகும். டிரிக்கரை அழுத்தியதும் பிஸ்டன் பின்னோக்கிப் பாயும். பெரும்பாலான ஏர் துப்பாக்கிகளில் இது நேர் எதிராக நடக்கும். நெருக்கப்பட்ட காற்று மேலேறி, ஈயக் குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது.

குண்டு சோம்பலாகப் போனால் ஸ்பிரிங்கைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். பல நேரம் குற்றவாளி, குழலின் பின்முனையில் இருக்கும் சின்ன வாஷர். அந்த இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, பாதுகாப்பான இலக்கை நோக்கி ஒருமுறை சுட்டால் போதும். காகிதம் பறந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. வாஷரை மாற்றினாலே வேலை முடிந்துவிடும், சிலிண்டரைத் தொடவே வேண்டாம்!

தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், குண்டு உள்ளே இல்லை, ஸ்பிரிங் இழுத்து வைக்கப்படவில்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அப்போதும் ஸ்பிரிங் முழுசாகத் தளர்ந்திருக்காது. சிலிண்டரின் முன்மூடியைக் கழற்றும்போது கடைசி மரை விடுபடும் நொடியில் மூடியும் ஸ்பிரிங்கும் சீறி வெளியே வரும். முகத்துக்கு நேராக இருந்தால் கண் போகும். அதனால் கண்ணாடி அணிந்து, பிஸ்டலை மரக்கட்டை வைத்த வைஸில் பிடித்து, மூடியைத் துணியோடு அழுத்திக்கொண்டே திருக வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. டிரிக்கர் பக்கத்துக் குட்டி ஸ்பிரிங்குகள் எந்தத் திசையில் இருந்தன என்பது மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

திரும்ப மாட்டும்போது தாராளமாக எண்ணெய் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் கோளாறு. பெட்ரோலிய எண்ணெய் பிஸ்டன் முன்னால் தேங்கினால், அழுத்தத்தில் சூடாகும் காற்றில் டீசல் இன்ஜின் மாதிரியே பற்றிக்கொள்ளும். புகை, பெரிய சத்தம்... வாஷரும் ஸ்பிரிங்கும் காலி. ஸ்பிரிங்குக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ் போதும்.

பளபளப்பாக்குகிறேன் என்று பழைய கருநீலப் பூச்சைத் தேய்த்து எடுப்பவர்களை என்ன சொல்வது? பொறித்த எழுத்துகளும் மங்கி, சேகரிப்பு மதிப்பும் சரிந்துவிடும்.

மாட்டி முடித்ததும் வெறுமனே சுட்டுப் பார்க்கும் ஆசை வரும். குண்டில்லாமல் சுட்டால், தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முனையில் மோதும். புது வாஷர் படிந்து உட்கார, குண்டு போட்டே சிலமுறை சுட வேண்டியிருக்கும்.