பல்லைக் காட்டினால் சிரிப்பா?

குரங்கு சிரிக்கிற படங்களை இனி எனக்கு அனுப்ப வேண்டாம் என்று நம் ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில் எழுதினேன். அன்று மாலையே ஒரு நண்பர் போனில் கூப்பிட்டு, "ஏன் சார், வயசான காலத்துல காலைல ஒரு சிரிப்புக்குக்கூடத் தடையா?" என்று கேட்டார். ஃபைலில் குறிப்பு எழுதிப் பழகிய கை. பதிலையும் குறிப்பாகவே எழுதிவிடுகிறேன்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'ஃபோஸாமி' என்ற சொல் நினைவிருக்கும். பொய்த் தோழர்கள் என்று பொருள். இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி தோன்றி, அர்த்தத்தில் காலை வாரிவிடும் சொற்கள். பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை. அதை ஆங்கில 'லைப்ரரி' என்று நம்பி உள்ளே போனால், படித்த புத்தகத்துக்குக் காசு கேட்பார்கள். குரங்கின் முகமும் நமக்கு ஒரு பொய்த் தோழர்தான். எழுத்து நம் எழுத்து மாதிரி இருக்கிறது, ஆனால் மொழி வேறு.

ஹாம் என்ற சிம்பன்சியின் கதையைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காமரூனில் 1957-ல் பிறந்த குட்டி அது. 1961 ஜனவரி 31 அன்று அமெரிக்கர்கள் அதை ராக்கெட்டில் வைத்து விண்ணுக்கு அனுப்பினார்கள். விளக்கு எரிந்ததும் விசையை இழுக்க வேண்டும், தவறினால் பாதத்தில் மின் அதிர்ச்சி. இப்படித்தான் பயிற்சி. சுமார் பதினாறரை நிமிடப் பயணம் முடிந்து கடலில் விழுந்த கூண்டுக்குள் தண்ணீர் வேறு புகுந்துவிட்டது. மீட்ட பிறகு வெளியான படங்களில் ஹாமின் பல் வரிசை முழுக்கத் தெரிந்தது. உலகம் அதை வெற்றிச் சிரிப்பு என்று ரசித்தது. சிம்பன்சிகளோடு வாழ்நாளைக் கழித்த ஜேன் குடால் அம்மையாரோ, ஒரு சிம்பன்சியின் முகத்தில் இவ்வளவு பீதியைத் தாம் பார்த்ததே இல்லை என்றார்.

சிம்பன்சி நிஜமாகவே விளையாட்டில் மகிழும்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல் பற்களை உதடு மூடியிருக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்து தெரிய உதட்டை இழுத்து வைத்திருந்தால் பெரும்பாலும் அச்சம். காலை வணக்கத்தோடு நமக்கு வருகிற படங்களில் எது அதிகம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இது புதுச் செய்தியும் இல்லை. பாரிஸ் வைத்தியர் துஷேன் 1862-லேயே ஒரு கிழவரின் முகத்தில் மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை இழுத்தால் எந்த உணர்ச்சி தோன்றும் என்று புகைப்படங்களோடு நூல் வெளியிட்டார். உதடு சிரித்தால் போதாது, கண்ணைச் சுற்றிய தசையும் சிரிக்க வேண்டும் என்று காட்டியவர் அவர். அந்தப் படங்களில் சிலவற்றை டார்வின் 1872-ல் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அதே நூலில் சுலவேசித் தீவின் கருங்குரங்கு ஒன்றின் ஓவியமும் இருக்கிறது. தடவிக் கொடுத்தால் அது பல்லைக் காட்டும், பழக்கமில்லாதவர் அதை மகிழ்ச்சி என்று அறியவே மாட்டார் என்பது டார்வினின் கருத்து. ஆக, ஒரு குரங்கு பயந்தால் பல்லைக் காட்டுகிறது, இன்னொன்று மகிழ்ந்தால் காட்டுகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் அகராதி.

வேடிக்கை என்னவென்றால், 2011-ல் பத்திரிகைகளில் வந்து பிரபலமான 'குரங்கு செல்ஃபி' அதே கருங்குரங்கினுடையது. டேவிட் ஸ்லேட்டர் என்பவரின் கேமராவில் பதிவானது. அதற்கு உரிமையாளர் மனிதரா குரங்கா என்று அமெரிக்க நீதிமன்றங்களில் 2018 வரை வழக்கு நடந்தது. படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பது தெரியும்?

"படத்தைப் பார்த்தால் அன்பு வரும், அன்பு வந்தால் பாதுகாப்போம்" என்று சிலர் வாதிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. மனிதர் பக்கத்தில் நிற்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்த்தவர்கள், இந்த இனம் காட்டில் சௌக்கியமாகத்தான் இருக்கிறது என்றும், வீட்டில் வளர்க்க ஏற்றது என்றும் அதிகமாக நினைத்தார்கள். வளர்க்க ஆள் இருந்தால் விற்கவும் ஆள் வருவான். குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்வதுதான் அந்த வியாபாரத்தின் வழக்கம். நம் சிரிப்பின் விலை அங்கே போய் நிற்கிறது.

நம் நாட்டில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தெருவில் நிறுத்திய குரங்காட்டத்தை இப்போது நாமே கைபேசிக்குள் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே உள்ள நாட்டுக் குரங்கு உங்களை முறைத்து வாயைத் திறந்தால் அது மிரட்டல். பெரிய ஆண் குரங்கு கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் பெரும்பாலும் தூக்கமில்லை, பதற்றம். "போஸ் கொடுக்குது பாரு" என்று போனை அதன் முகத்தருகே நீட்டுகிறவர் பிறகு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசிக்கு வரிசையில் நிற்பார். கடித்தது குரங்கின் தப்பா?

எல்லாப் படத்தையும் நான் எதிர்க்கவில்லை. ஜேம்ஸ் மோலிசன் என்ற புகைப்படக்காரர் 2004-ல் மனிதக் குரங்குகளின் முகங்களை மட்டுமே தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். சிம்பன்சி, கொரில்லா, போனபோ, ஒராங்குட்டான். எல்லாமே பாஸ்போர்ட் படம் போல நேருக்கு நேர் எடுத்தவை. வேஷமில்லை, தொப்பியில்லை, சிரிப்புமில்லை. பல குட்டிகள் வேட்டையில் தாயை இழந்து காப்பகத்துக்கு வந்தவை. விண்ணப்பங்களில் ஒட்டிய பாஸ்போர்ட் படங்களை முப்பது வருடத்துக்கு மேல் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிரிக்காத முகத்தில்தான் ஆளை அடையாளம் காண முடியும். அந்தப் படங்களில் ஒவ்வொன்றும் தனி ஆள்.

பிரெஞ்சில் 'குரங்குக் காசு கொடுத்தான்' என்பார்கள். பழைய பாரிஸில் பாலத்துக்குச் சுங்கம் உண்டு. குரங்காட்டி மட்டும் பணம் தர வேண்டாம், குரங்கை ஆட்டிக் காட்டினால் போதும். வெறுங்கையோடு கடன் தீர்ப்பவனுக்கு அது பெயராகிவிட்டது. ஆட்டியவன் காசில்லாமல் பாலத்தைக் கடந்தான். ஆடிய குரங்குக்குக் கிடைத்தது கழுத்துக் கயிறு.

அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் முதலில் மேல் பல்லைப் பாருங்கள். பிறகு கழுத்தில் கயிறு இருக்கிறதா, உடம்பில் சட்டை மாட்டியிருக்கிறதா, தாய் எங்கே என்று பாருங்கள். அதற்குப் பிறகும் அடுத்தவருக்கு அனுப்ப விரல் வந்தால், உங்கள் இஷ்டம்.