பேரனும் ஆல்டர்டு கார்டும்



ஜாஸ் பியானோ பழகும் என் பேரன் போன வாரம் கீபோர்டை உறைக்குள் போட்டு மூடிவிட்டான். "ஆல்டர்டு டாமினன்ட் எனக்கு வராது, தாத்தா. விட்டுடறேன்" என்றான். கையில் ஒரு கற்றைத் தாள். பக்கத்துக்குப் பக்கம் விரல் வைக்கும் படங்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமாம்.

இது தப்பான பாடமுறை. (வாய்ப்பாட்டை மிரட்டி ஒப்பிக்க வைத்த சாரா இதைச் சொல்வது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.)

சி மேஜரில் முடியும் பாட்டில் ஜி செவன் வருகிறது. ஜி, பி, டி, எஃப். இதில் கார்டை அடையாளம் காட்டுவது பி, எஃப் இரண்டும்தான். ஜியை பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். 'பால் குடித்தான்' என்றால் 'ஐ' உருபு மறைந்தும் பொருள் புரிகிறதே, வேற்றுமைத்தொகை, அந்த மாதிரி. பில் எவன்ஸ் 1961இல் நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் வாசித்த பதிவைக் கேளுங்கள். பாஸில் ஸ்காட் லஃபாரோ இருப்பதால் எவன்ஸின் இடது கை பல இடங்களில் ரூட்டைத் தொடாது.

இடது கையில் பி, எஃப். அதற்கு மேலே வலது கையில் பி பிளாட், ஈ பிளாட், ஏ பிளாட். ஐந்தாம் சுரத்தை ஏற்றியும் ஒன்பதாம் சுரத்தை ஏற்றி இறக்கியும் கிடைத்தவை இந்த மூன்றும். தனியாகப் பிடித்தால் காது கூசும். பியும் பி பிளாட்டும் ஒரே பிடியில் அல்லவா இருக்கின்றன! ஆனால் சிக்குப் போகும்போது பாருங்கள். எஃப் ஈக்கு இறங்கும், பி பிளாட் ஏக்கு, ஈ பிளாட் டிக்கு, ஏ பிளாட் ஜிக்கு. நான்கும் பக்கத்துக் கட்டைக்கே போகின்றன. பி அசைவதில்லை. இதைக் காதில் வாங்காமல் படத்தை மட்டும் பார்த்தால் எப்படி மனதில் நிற்கும்?

இன்னொன்று. இதே ஐந்து சுரத்துக்குக் கீழே ஜிக்குப் பதில் டி பிளாட் வாசித்தால் அது டி பிளாட் தர்ட்டீன். அவன் தாளில் அது வேறொரு பக்கத்தில், வேறொரு பாடமாக இருந்தது.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையில் யோசிக்க நேரமிருக்காது. அது பிறகு வரட்டும்.

நேற்று கீபோர்டின் அடிக்கோடியில் ஒற்றை விரலால் நான் ஜி, சி என்று பாஸ் வாசித்தேன். அவன் மேலே பிடித்தான். "மறுபடியும் வாசிங்க தாத்தா" என்றான். இன்று காலை அவனாகவே எஃப் மேஜருக்கு மாற்றிக்கொண்டிருந்தான். வலது கையில் ஒரு சுரம் தப்பு. நான் திருத்தப் போகவில்லை.