காலேஜ் கபடி டூ புரோ கபடி: புதுக்கோட்டை பசங்களுக்கு வழி இருக்கா?

ஏலம்னாலே ஞாபகம் வர்றது கோடிகள்தான். 2024 ஆகஸ்டில் சச்சினை 2.15 கோடி ரூபாய்க்கு எடுத்தது தமிழ் தலைவாஸ். ஆனால் அதே ஏலத்தில் ‘டி’ பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி மாணவர் ஒருவர் குறிவைக்க வேண்டியது இதைத்தான்.

எப்படிப் போவது? கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் ஃபைனல் ஆடிய இரு அணிகளின் வீரர்களும் 2023, 2024 ஏலப் பட்டியல்களில் சேர்க்கப்பட்டாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்லூரி அணி அங்கே நேரடியா போக முடியாது. பாரதிதாசன் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கணும், அந்த அணி அகில இந்திய அளவில் ஜெயிக்கணும். நீங்க எவ்வளவு பெரிய ரெய்டராக இருந்தாலும் டீம் தோத்தா கதை முடிஞ்சது. பட்டியலில் பெயர் வந்தாலும் போதாது: 2024-ல் 500-க்கும் மேற்பட்டோரில் விலைபோனது 118 பேர்.

இன்னொரு வழி, இளம் வீரர்கள் திட்டம். அணிகளே புதுமுகங்களைத் தேடி, ஏலமில்லாமல் ஒப்பந்தம் போடும். தனி ஆளின் திறமைக்கு மதிப்பு இங்கேதான். எங்கள் கணிப்பில் புதுக்கோட்டைக்கு இதுவே பொருத்தம்.

சிக்கல் தரையில் இருக்கு. ஊர்த் திருவிழா கபடி பெரும்பாலும் மண்ணில், வெறுங்காலில். லீக்கோ மேட்டில், ஷூவோடு. கால் பிடிமானமே மாறிடும். கல்லூரியில் மேட் இருக்கா என்பதுதான் முதல் கேள்வி.

மாணவிகளுக்கு? 2016-ல் மூன்று அணிகளோடு ஒரு மகளிர் தொடர் நடந்தது. அடுத்த சீசனே வரல.