பருப்பைக் கேவலமாப் பேசாதீங்க

பதுளை டவுன்ல ஜிம்முக்குப் போற நம்ம தோட்டத்துப் பசங்ககிட்ட இப்ப ஒரு புதுப் பேச்சு. "வே புரோட்டீன் வயித்துக்கு ஒத்துக்கலையா? பிளான்ட் புரோட்டீன் எடு." கூடவே இலவசமா ஒரு அறிவுரையும் வருது: பருப்பும் கடலையும் வேலைக்காகாது, அது ஏழைச் சாப்பாடு, அதுல உடம்பு ஏறாது.

இதைத்தான் நாங்க எதிர்க்கிறோம். தாவரப் புரதத்தை இல்ல, அதை டின்னில் அடைச்சு நமக்கே திருப்பி விக்கிற புத்தியை.

கணக்குப் பார்ப்போம். 49 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வந்த ஒரு கட்டுரை, பாரம் தூக்குறவங்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பலன் தரும், அதுக்கு மேல பெரிசா எதுவும் கூடாதுன்னு சொல்லுது. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். சமைக்காத மைசூர் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் இருக்கு. சோயா மீட் 50 கிராமில் 25. கடலை 50 கிராமில் 10, ஒரு கைப்பிடி கச்சானில் 7. மூணு வேளை ரொட்டியும் சோறும் மிச்சத்தைக் கொடுத்துடும். பிரேசிலில் 2021இல் வெளிவந்த ஆய்வில், சோயாப் புரதம் எடுத்த சைவ இளைஞர்களும் வே எடுத்த அசைவ இளைஞர்களும் 12 வாரப் பயிற்சியில் ஒரே அளவு தசை ஏத்தினாங்க. தோட்டத்துக் கடையில் தொங்குற சோயா மீட் பக்கெட்டும் அதே சோயாதான்.

இன்னொன்னு. கோதுமை மாவில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையுற மெத்தியோனைன் மாவில் இருக்கு. அதனால ரொட்டியும் பருப்பும் நல்ல ஜோடி. நம்ம லயத்துல நடக்குறது என்ன? ரொட்டியும் தேங்காய் சம்பலும், சாயத்தண்ணியும். பருப்பு வந்தாலும் தண்ணியாத்தான் வருது.

இந்த இடத்துல "அப்ப பருப்பைக் கெட்டியா வைங்க"ன்னு சொல்லிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க. அவங்களோடவும் எங்களுக்குச் சண்டை இருக்கு. 2024 செப்டம்பரில் நிர்ணயிச்ச அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயா இருந்துச்சு. அந்தக் கணக்குல மாசத்துல 25 நாள் முழுப்பேர் விழுந்தா 33,750. கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். அதுல அஞ்சு பேருக்கு தினமும் கெட்டிப் பருப்பு வச்சுக் காட்டுங்க பார்ப்போம். 2016 சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். ஜிம் வாசலுக்கு வர்றதுக்கு 15 வருஷம் முன்னாடியே நம்ம பசங்க உடம்பு தோத்துப் போயிருக்கு. அதை டின் சரிபண்ணாது.

வேடிக்கை என்னன்னா, கச்சானும் கௌபியும் பயறும் விளையுற மொனராகலை இதே ஊவா மாகாணத்துலதான் இருக்கு. பசறை, லுணுகலை தாண்டினா அந்தப் பக்கம். அங்கே விளையுறது நியாய விலையில் தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக்கு வரணும்னு எந்த மேடையிலாவது கேட்டிருக்கோமா? மேடையில் நம்ம தலைவர்கள் பேசுறது சம்பளத்தைப் பத்தி மட்டும், அதுவும் தேர்தல் வருஷத்துல.

கடைசியா நம்ம வீட்டுக்குள்ள. தசையைப் பத்திப் பேசினா ஆம்பளப் பசங்க மட்டுந்தான் ஞாபகம் வர்றாங்க. செங்குத்து மலையில, முதுகுல 18, 20 கிலோ கொழுந்தோட ஏறி இறங்குறது யாரு? ஜிம்முல அதைச் செஞ்சா அதுக்கு ஒரு பேர் வச்சு, படமெடுத்துப் போடுவாங்க. அந்தப் பொம்பளைதான் ராத்திரி எல்லாருக்கும் போட்டுட்டு, சட்டியில ஒட்டினதை ரொட்டியால வழிச்சுத் தின்னுறா. புரதம் யாருக்குத் தேவைன்னு பட்டியல் போட்டா முதல் பேர் அவளோடதுதான். ஜிம் போற தம்பிமாரே, டின்னுக்குச் சேர்த்த காசுல ரெண்டு கிலோ கடலை வாங்குங்க, ராத்திரியே ஊறப் போடுங்க. காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு முதல்ல ஒரு கிண்ணம் அவிச்சுக் கொடுத்துட்டு, மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க.