கையை விட்டு மொள்ளாதே!

காலை நிகழ்ச்சி செய்யும் அறிவிப்பாளர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சங்கடமான பேச்சு வந்தால் “நன்றிங்க, வணக்கம்” என்று சொல்லி உடனே ஒரு பாட்டைப் போட்டுவிடுவோம். போன மாதம் நானும் அதைத்தான் செய்தேன்.

அன்றைய தலைப்பு, குடியிருப்புப் பகுதியில் சுத்தம். நேயர் ஒருவர் அழைத்தார். “தங்கச்சி, எங்க ஏரியாவுல ரொஹிங்யா ஆளுங்க வந்ததுல இருந்து ஒரே நாத்தம். அவங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது” என்றார். எனக்கு உறுத்தியது. ஆனால் பதில் தெரியவில்லை. “சரிங்கண்ணே, நன்றி” என்று சொல்லிப் பாட்டைப் போட்டேன்.

அடுத்த வாரமே எங்கள் பகுதியில் தண்ணீர் தடை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காலையில் வானொலியில் “கீழ்க்காணும் பகுதிகளில் நீர் விநியோகம் தடைபடும்” என்று நானே வாசித்தேன். மாலையில் தண்ணீர் லாரிக்கு முன்னால் வாளியோடு நானே நின்றேன். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

இரண்டாவது நாள் இரவு, மூடி வைத்திருந்த குடிநீர் வாளியில் குவளையை முக்கித் தண்ணீர் எடுத்தேன். என் விரல்கள் தண்ணீரில் பட்டன. அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்: “கையை விட்டு மொள்ளாதடி! செம்பை எடு!”

அம்மா ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவர். வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பைப்படி, தள்ளி ஒரு பொதுக் கழிவறை. குடிதண்ணீர் எப்போதும் வாய் குறுகிய குடத்தில்தான் இருக்குமாம். சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும், கை உள்ளே போகாது. “உங்க பாட்டி படிக்கல. ஆனா குடத்துல கை வச்சா அடிதான்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அப்பவும் பள்ளிக்கூடத்துல லயத்துப் பிள்ளைங்கன்னாலே நாத்தம்னு தள்ளித்தான் உட்காருவாங்க” என்று சொன்னார்.

அந்த நேயர் சொன்ன அதே சொல். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அகதி முகாம்களில் தண்ணீரும் கழிவறையும் எப்படி இருக்கும் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் படித்தது 1994-ஆம் ஆண்டு பற்றி. ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு, ஜூலை மாதத்தில் சில நாள்களுக்குள் பல லட்சம் பேர் எல்லை தாண்டி அன்றைய ஸயரின் கோமா நகருக்குள் வந்தார்கள். தரையெல்லாம் எரிமலைப் பாறை. கழிவறைக் குழி தோண்ட முடியவில்லை, கிணறும் வெட்ட முடியவில்லை. குடிக்க ஏரித் தண்ணீர். காலராவும் சீதபேதியும் பரவி, முதல் ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 50,000 பேர் இறந்தார்கள். துப்பாக்கிக்குத் தப்பியவர்களைத் தண்ணீர் கொன்றது.

அந்த அனுபவத்திற்குப் பிறகு, 1997-இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் கூடி, ஒரு முகாமில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலை உருவாக்கத் தொடங்கின. ‘ஸ்பியர்’ என்பது அதன் பெயர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். ஒரு குழாய்க்கு 250 பேர். தண்ணீர் பிடிக்க 500 மீட்டருக்கு மேல் நடக்க வைக்கக்கூடாது, 30 நிமிடத்துக்கு மேல் வரிசையில் நிறுத்தக்கூடாது. 20 பேருக்கு ஒரு கழிவறை. கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 30 மீட்டர். குளிக்க ஆளுக்கு மாதம் 250 கிராம் சவர்க்காரம்.

படித்துவிட்டு எங்கள் வீட்டு வாளிகளைக் கணக்குப் போட்டேன். நான்கு பேருக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் மூன்று. எங்களுக்கு அது காலை எட்டு மணி வரைக்கும் வரவில்லை. நம் நாட்டில் சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறோம். நான்காவது நாள் என் பையன் குளிக்காமல் பள்ளிக்குப் போனான். எங்களைச் சுத்தம் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இனி ரொஹிங்யா மக்களின் கதைக்கு வருகிறேன். 2017 ஆகஸ்டு 25-க்குப் பிறகு சில மாதங்களுக்குள் மியன்மாரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்கு ஓடிவந்தார்கள். அங்குள்ள குதுபாலோங் உலகின் மிகப் பெரிய அகதி முகாமாக மாறியது. மரங்களை வெட்டி, மண்குன்றுகளைச் சரித்து, மூங்கிலும் தார்பாலினும் கொண்டு கட்டிய குடிசைகள்.

அவசரத்தில் அடிபம்புகளும் கழிவறைகளும் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டன. உதவி செய்ய வந்தவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் இடம் இல்லை. பல இடங்களில் ஆழமில்லாத அடிபம்புக்குப் பக்கத்திலேயே கழிவறைக் குழி. 30 மீட்டர் எங்கே கிடைக்கும்? குழிகள் சீக்கிரமே நிரம்பின, மழையில் வழிந்தன. தண்ணீரைச் சோதித்தபோது மலக்கிருமி இருந்தது. வீட்டுப் பாத்திரத்தில் இருந்த தண்ணீரில் அது இன்னும் அதிகம்.

பெண்களின் நிலைமை வேறு. கழிவறை தூரம், பாதை வழுக்கும், விளக்கு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் இரவில் போக வேண்டி வருமே என்று மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் பலர். பொதுக் குளியலறைக்குப் போகக் கூசி, குடிசைக்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்துக் குளித்தார்கள். மாதவிலக்குத் துணியை வெயிலில் காயவைக்க இடமில்லை, இருட்டில் மறைத்துக் காயவைத்தார்கள். இதையெல்லாம் படித்தபோது, ஒன்பதாவது மாடிக்கு வாளி தூக்கியதைப் பற்றி நான் வானொலியில் புலம்பியது நினைவுக்கு வந்தது.

அவர்கள் ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை, கால், முகம் கழுவுகிறவர்கள். கழிவறைக்குப் போனால் நம்மைப் போலவே தண்ணீரால் கழுவுகிறவர்கள். அதற்கென்றே மூக்கு வைத்த ‘பத்னா’ என்ற பாத்திரம் வீட்டுக்கு வீடு உண்டு. இவர்களுக்கா சுத்தம் தெரியாது?

முகாமில் பிறகு நிலைமை ஓரளவு மாறியது. ஆழமான கிணறுகள் தோண்டி, சூரியசக்தியால் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, குளோரின் கலந்து குழாயில் விடுகிறார்கள். கழிவைச் சுத்திகரிக்க நிலையங்கள் வந்தன. தெற்கே தெக்னாஃப் பகுதியில் நிலத்தடி நீரே அரிது. வறட்சிக் காலத்தில் அங்கே இன்னும் பங்கீடுதான், லாரித் தண்ணீர்தான்.

ஆனால் என்னை உட்கார வைத்த செய்தி வேறு. 1993-இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், மொசாம்பிக் அகதிகள் இருந்த ஒரு முகாமில் ஆய்வு நடந்தது. கிணற்றில் தண்ணீர் சுத்தமாக இருந்தும், வீட்டு வாளியில் அது கெட்டுப்போனது. காரணம் என்ன? தண்ணீர் மொள்ளும் கை! சில குடும்பங்களுக்கு மூடி போட்ட, கை நுழையாத குறுகிய வாயும் ஊற்ற மூக்கும் உள்ள 20 லிட்டர் வாளிகளைக் கொடுத்தார்கள். அந்த வீடுகளின் தண்ணீரில் மலக்கிருமி 69 விழுக்காடு குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 விழுக்காடு குறைந்தது. புது மருந்து இல்லை, பெரிய எந்திரம் இல்லை. வாளியின் வாயைக் குறுக்கினார்கள், அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். “இதுக்கு வெளிநாட்டுல இருந்து ஆள் வரணுமா? குடம் குடுத்திருந்தா போதுமே” என்றார்.

உண்மைதான். ஆனால் பாட்டியிடம் குடம் இருந்தது. உடுத்திய துணியோடு ஓடிவந்தவரிடம் குடம் இல்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, கையில் இல்லாததுதான் நிறைய.

நம் நாட்டில் அகதி முகாம் கிடையாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. இங்குள்ள ரொஹிங்யாக்கள் வாடகை வீடுகளில், பல நேரம் ஒரே வீட்டில் பல குடும்பங்களாக, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லாமல் வாழ்கிறார்கள். ஒரு குளியலறைக்குப் பன்னிரண்டு பேர் என்றால் யாருடைய வீட்டில்தான் மணக்கும்? குப்பையைக் கண்ட இடத்தில் போடுவது தவறுதான். யார் போட்டாலும் தவறு. அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ‘இந்த இனமே இப்படித்தான்’ என்பது வேறு பேச்சு. அந்தப் பேச்சை நம் அம்மாக்கள் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

அன்று அழைத்த அண்ணனே, இதைப் படித்தால் இன்னொரு முறை அழையுங்கள். போன முறை பாட்டைப் போட்டு ஓடிவிட்டேன். இந்த முறை பேசுவோம்.

தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தக் குடிநீர் வாளிக்குப் பதிலாக இப்போது ஒரு குடம் இருக்கிறது. என் பையன் அதைச் சாய்த்து ஊற்றப் பழகிக்கொண்டிருக்கிறான். பாதி தரையில்தான் போகிறது. அம்மா திட்டுவதில்லை, துடைக்கிறார்.